லோ பெரியப்பாவின் விக்கல்

லோ பெரியப்பாவுக்கு விக்கல் எடுத்ததும் ஜியாயி நகரத்து டயாலிசிஸ் கிளினிக்கே குஷியாகிவிட்டது. எங்கள் ஊரில் விக்கல்காரரைச் சும்மா விடமாட்டோம். திருடித் தின்றதாகக் குற்றம்சாட்டிப் பதறவைத்தால் விக்கல் நின்றுவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"என்னத்தத் திருடித் தின்னீங்க? உண்மையச் சொல்லுங்க!" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து சாய் அத்தை அதட்டினாள்.

வார்டே சிரித்தது. பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஒன்பது வருஷமாக வாரம் மூன்று நாள் அங்கே படுத்து, எல்லோரையும் வம்புக்கிழுக்கும் பழைய பஸ் டிரைவர் அவர். இன்று முகம் வெளுத்துப்போய் இருந்தார்.

நர்ஸ் சியூ-லான் அதைக் கவனித்தாள். ஒரு நர்ஸுக்கு நாலு நோயாளி என்பது கணக்கு. தன் நாலு பேரின் முகமும் அவளுக்கு மனப்பாடம். விடாத விக்கல் என்றாலே அவள் முதலில் விசாரிப்பது என்ன சாப்பிட்டார் என்பதைத்தான். எதிர்ச் சுவரில் அவளே எழுதி ஒட்டிய எச்சரிக்கை இருந்தது: நட்சத்திரப் பழம் கூடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு சிறுநீரகம் கெட்டவர் உடம்பிலேயே தங்கிவிடும். விக்கலில் ஆரம்பித்து, நினைவு தப்பி, உயிரே போகலாம்.

"பெரியப்பா, நட்சத்திரப் பழம் சாப்பிட்டீங்களா?"

"நான் என்ன பச்சப் புள்ளையா? போம்மா."

"யார் குடுத்தா?"

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்போது, போர்வைகளை மடித்துக்கொண்டிருந்த ஹுவே அப்படியே கீழே போட்டாள். வியட்நாமிலிருந்து இங்கே வாழவந்த பெண். உதவியாளராகச் சேர்ந்து இரண்டே வாரம்.

"நான்தான் அக்கா. காலையில இருமிக்கிட்டே இருந்தாரு. எங்க அம்மா இருமலுக்கு அதத்தான் வேகவெச்சுக் குடுப்பாங்க. ஒரு டம்ளர் குடுத்தேன்."

"அட கிறுக்கி, நீ ஏன் வாயத் தொறந்த?" என்றார் பெரியப்பா. "குடிச்சு முடிச்சப்புறம்தான் அடியில பழத்துண்டு தெரிஞ்சுது. புதுசா வந்த பொண்ணு, சொன்னா வேலை போயிடுமேன்னு…" மறுபடி விக்கல்.

"உங்க உசுரு போனா பரவாயில்லையா?" சியூ-லானுக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

டாக்டர் ஓடிவந்தார். டயாலிசிஸ்தான் மருந்து, நாலு மணி நேரத்தை எட்டாக்கச் சொன்னார். பேச்சு குழறினால் உடனே பெரிய ஆஸ்பத்திரி. மதியம் வர வேண்டியவரைக் கூடுதல் கட்டிலுக்கு மாற்றினார்கள். இரண்டு மணிக்குச் சியூ-லானின் வேலை முடிந்தது. மற்ற மூவரை அடுத்த நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு, பெரியப்பாவின் தலைமாட்டில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். நினைவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கால் மணிக்கு ஒருமுறை அவர் ஓட்டிய வழித்தடத்தின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்லவைத்தாள். ஹுவே கட்டிலின் கால்மாட்டைப் பிடித்தபடி நின்றாள்.

ஏழாவது மணி நேரம்.

"ரயில் நிலையம், நீரூற்று முக்கு, மார்க்கெட்…" கண் சொருகியது. "கோயில் வாசல்."

நடுவில் சர்க்கரை ஆலை வர வேண்டும். சியூ-லானின் கை போனுக்குப் போனது.

"பெரியப்பா! சர்க்கரை ஆலை எங்க?"

"அத மூடி எத்தன வருஷம் ஆச்சு? அங்க எவன் ஏறப்போறான்? நிறுத்தாம வந்துட்டேன். தூக்கம் வேற கண்ணக் கட்டுது, சும்மா நொய்நொய்னு."

இத்தனையையும் அவர் ஒரு விக்கல்கூட இல்லாமல் சொல்லிமுடித்திருந்தார். ஹுவேதான் முதலில் கவனித்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

நடந்ததைப் பதிவேட்டில் எழுத வேண்டும். 'யார் தவறு' என்ற இடத்தில் சியூ-லானின் பேனா நின்றது.

"என் பேர எழுதுங்க அக்கா."

ஹுவேக்கு எங்கள் பேச்சு வரும், எழுத்து வாசிக்க வராது. உணவு விஷயமெல்லாம் நர்ஸுகளோடு நின்றுவிடும். எடை பார்க்கவும் போர்வை மாற்றவும் வந்தவளுக்கு அந்த எச்சரிக்கையை யாரும் படித்துக்கூடக் காட்டவில்லை. சியூ-லான் தன் பெயரை எழுதினாள்.

"அப்ப ரெண்டு பேருக்கும் வேலை போயிடுமா?" என்று பதறினார் பெரியப்பா.

"போனா சர்க்கரை ஆலை ஸ்டாப்ல வந்து நிக்கிறோம், ஏத்திக்கிட்டுப் போங்க."

பெரியப்பா ஹுவேயின் தலையில் கை வைத்தார்.

"சரி, நிறுத்தறேன்," என்றார்.