பழைய ஷெட்டில் ஒரு பூவரசு

எண்பத்தெட்டோ எண்பத்தொன்பதோ, ஆவடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் புது ஓவியர்களுக்கென்று இரண்டு நாள் சந்தை போட்டார்கள். மைக் செட் அலறியது, பஜ்ஜி மணந்தது, ஐந்து நிமிஷத்தில் முகம் வரைந்து தருகிறவர் முன்னால் வரிசை நின்றது. ராணுவ ஃபேக்டரியில் ஃபிட்டரான நானும் பன்னிரண்டாம் நம்பர் கடையில் ஆறு படங்களை மாட்டியிருந்தேன்.

ஆறாவதுதான் வம்பு. ரிப்பேருக்கு ஒருநாள் போயிருந்த பழைய ஷெட்டின் உட்புறம் அது. ஒரு லேத், அதன் மேலே ஜன்னல், டீ குடிக்கும் நாலு பேர். ஃபேக்டரிக்குள் கேமரா கூடாது, பெண்டாட்டி பிள்ளைகூட கேட்டைத் தாண்டக் கூடாது. வரையக் கூடாதென்று யாரும் சொல்லவில்லையே என்று நானாகச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன்.

புது சஃபாரி போட்ட ஒரு பெரியவர் மூன்றாவது தடவையாக வந்து அதன் முன்னால் நின்றார்.

"ரெண்டாவது கண்ணாடி ஒடஞ்சி கீறதக்கூட கரீக்டா போட்டுக்கீறியே. எந்த ஷெட்டு நைனா?"

படத்தை மறைத்தாற்போல் நகர்ந்து நின்றேன். "சும்மா கற்பனை சார்."

அவர் சிரித்தார். பால்காரர் சிரித்தாலே தண்ணீர் எவ்வளவு என்று யோசிக்கிறவன் நான். துண்டுச் சீட்டில் எதையோ குறித்துக்கொண்டு விறுவிறுவென்று போனார்.

பக்கத்துக் கடையில் இரும்புத் துண்டுகளால் பொம்மை செய்து வைத்திருந்த வேம்புலி காதருகே வந்தான். "மாமே, விஜிலன்ஸ் ஆளு மாறியே கீறாரு. உள்ள இன்னா கீதுன்னு அவருக்கு எப்டித் தெரியும்?"

வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். கைக்குழந்தையோடு தெருவில்தான் நிற்க வேண்டும். என் மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. பச்சை வர்ணத்தைக் குழைத்து லேத்தின் மேல் அப்பினேன். ஜன்னல், உடைந்த கண்ணாடி எல்லாம் மறைந்து, அரை மணியில், டீ குடிக்கும் நாலு பேர் தலைக்கு மேல் ஒரு பூவரச மரம் நின்றது. இனி எவன் வேண்டுமானாலும் வரட்டும் என்று உட்கார்ந்தேன்.

சாயங்காலம் பெரியவர் வந்தார். கூடவே, பஸ்ஸில் வந்த களைப்போடு ஒரு அம்மாள்.

"திருமழிசைலேர்ந்து இட்டாந்தேன் நைனா. கடை நம்பர எயிதி வெச்சிக்கினது நல்லதாப் போச்சி. இருபத்தஞ்சி வருசம் அந்த லேத்துதான். போன மாசம் ரிட்டையரு, இந்தத் துணிகூட அதுக்குத் தெச்சதுதான். எங்க வேல செய்றேன்னு வூட்டுக்காரி கேட்டுக்கினே இருந்தா. கண்ணம்மா, தோ பாரு..."

நீட்டிய கையோடு நின்றுவிட்டார்.

கண்ணம்மா கிட்டே போய்க் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "மரத்தடிலயா? நெருப்புலயும் பொகையிலயும் கெடக்கிறியோன்னு இத்தினி வருசமா பயந்துகினு இருந்தேன்யா."

எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். பெரியவர் என்னைப் பார்த்து, வேண்டாமென்று தலையசைத்தார்.

"ஆமாம்மே," என்றார் அவளிடம். "நல்ல நெழலு."