ஹரிதா ஃபர்ஸ்ட் வந்தால்

எதிர்வீட்டு ஹரிதா நீச்சலில் மாநில சாம்பியன். ஒரு முறை இல்லை, எட்டு முறை. சித்தூரில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு நான் சொல்லிவிடுவேன். ஏழு வயதில் இளைப்பு வந்தபோது, பெண்ணைத் தண்ணீரில் விடுங்கள் என்றார் டாக்டர். விட்டார்கள். அதற்கப்புறம் அவள் சரியாக வெளியே வரவே இல்லை. விடியற்காலை பஸ்ஸில் திருப்பதி நீச்சல் குளத்துக்குப் போவாள், ஈரத்தலையோடு திரும்புவாள். திருப்பதியிலிருந்து ஈரத்தலையோடு வருகிறவளைப் பார்த்து, “தரிசனம் நல்லா ஆச்சாம்மா?” என்று பஸ்ஸில் கேட்பார்களாம். “ஆச்சு” என்று சொல்லிவிடுவாளாம். விளக்க ஆரம்பித்தால் சித்தூர் வந்தாலும் முடியாது.

இப்போது அவளுக்கு இருபத்துநாலு வயது. போன மாதம் அவள் தன் அப்பா முனிகிருஷ்ணனிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அவர்கள் வீட்டு ஜன்னல் என் சமையலறைக்கு நேர் எதிரே இருக்கிறது. நான் என்ன செய்ய?

“இந்த வருசம் இந்தியா கேம்ப்புக்கு எடுக்கலன்னா நீச்சலையே வுட்டுடறேன் நைனா.”

அன்று சாயங்காலமே அவள் அம்மா தாட்சாயணி என் வாசலில் வந்து நின்றாள். தாட்சாயணிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. தெருவில் அதைப் பார்த்துப் பொறாமைப்படாதவள் நான் ஒருத்திதான் என்று சொல்லிக்கொள்வேன்.

“பெருமாளுக்கு முடி தரேன்னு வேண்டிக்கோ” என்றேன்.

“எப்பிடிச் சொல்லி வேண்டிக்கறதுக்கா?”

“இன்னா எப்பிடி? எம்பொண்ணு ஃபர்ஸ்ட் வந்தா முடி தரேன்னு சொல்லு. அவ்ளோதான்.”

ஒரு சொல் மாறாமல் அப்படியே வேண்டிக்கொண்டாள். அங்கேதான் வந்தது வினை.

போட்டி திருப்பதியில். மாம்பழ சீசன் என்பதால் முனிகிருஷ்ணனுக்கு மாங்கூழ் ஃபாக்டரியில் லீவு கிடைக்கவில்லை. அவருக்குப் பதிலாக நான் போனேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனால் தாட்சாயணிக்குத் துணை வேண்டாமா?

நூறு மீட்டர் பட்டர்ஃப்ளை. இரண்டு கையையும் ஒரே சமயத்தில் தூக்கி வீசி, தண்ணீரை அடித்துத் துவைத்துக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். ஹரிதா சுவரைத் தொட்டபோது இரண்டாவது பெண்ணுக்கு இன்னும் நாலு வீச்சு பாக்கி இருந்தது. மைக்கில் அவள் பெயரைச் சொன்னார்கள். நான் விசிலே அடித்தேன். தாட்சாயணி கண்ணை மூடிக் கும்பிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

“நான் மலைக்குப் போறேங்க்கா. சாமிகிட்ட சொன்னத ஒடனே செஞ்சுடணும்.”

போயே விட்டாள். நான் ஃபாக்டரிக்கு போன் போட்டு, “பொண்ணு ஃபர்ஸ்ட்டு!” என்றேன். முனிகிருஷ்ணன் அங்கே எல்லோருக்கும் ஸ்வீட் வாங்கக் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம்தான் குளத்தைப் பார்த்தேன். இரண்டாவதாக வந்த பெண் குதித்துக் குதித்துச் சிரிக்கிறாள். முதலில் வந்த எங்கள் ஹரிதா கயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வெயிலில் எனக்குத்தான் தலை சுற்றிவிட்டதோ என்று நினைத்தேன்.

அவளுடைய கோச் சலீமைப் பிடித்தேன்.

“தம்பி, தங்கம் வாங்கினவ ஏன் அழுவறா?”

“கேம்ப்புக்கு அறுவத்திரெண்டு செகண்டுக்குள்ள வரணும்மா. முப்பத்தொண்ணு ஜாஸ்தியாயிடுச்சு.”

“முப்பத்தொரு செகண்டா?”

“இல்லம்மா. ஒரு செகண்ட நூறா வெட்டுங்க. அதுல முப்பத்தொண்ணு.”

“அதுக்குள்ள இன்னா பண்ண முடியும்? தும்மக்கூட முடியாதே.”

“தும்முனாவே போச்சும்மா.”

ஹரிதா துண்டைப் போர்த்திக்கொண்டு வந்தாள். “அம்மா எங்க அத்தை?”

“மலைக்குப் போய்க்கினு இருப்பா. நீ ஃபர்ஸ்ட் வந்தா முடி தரேன்னு வேண்டிக்கினா.”

அவள் அழுகை நின்றது. அழுகையே தேவலை என்று ஆகிவிட்டது அந்த முகத்தைப் பார்த்ததும்.

“ஃபர்ஸ்ட்டா? எட்டு வருசமா நான் ஃபர்ஸ்ட்டுதான வரேன்! அதுக்கு எதுக்கு சாமி? டைம்ல கேக்கணும் அத்தை! இப்பிடி வேண்டிக்கச் சொல்லி அம்மாவுக்கு யார் சொன்னது?”

“தெருவுல யாரோ” என்றேன்.

சலீம் மேசைக்கு மேசை ஓடி ஓர் அனுமதி வாங்கி வந்தார். டைம் அனுப்ப அன்றுதான் கடைசி நாள். எல்லாப் போட்டியும் முடிந்தபின், நாலு மணிக்கு, ஹரிதா இன்னொரு முறை நீந்தலாம். தனியாக.

“தனியான்னா யாரோட போட்டி?”

“கடிகாரத்தோட.”

“அப்ப ஃபர்ஸ்ட்டு யாரு?”

“நீங்க கொஞ்சம் நிழல்ல உக்காருங்கம்மா” என்றார் சலீம்.

மலைப்பாதையில் தாட்சாயணிக்கு சிக்னல் கிடைக்கவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் லைன் கிடைத்தது.

“டோக்கனும் பாதி பிளேடும் குடுத்துட்டாங்கக்கா. முடி எறக்கற வரிசையில கீறேன்.”

“எறக்காத! உம்பொண்ணு ஃபர்ஸ்ட்டு வந்தா, ஆனா ஜெயிக்கல.”

“இன்னாக்கா ஒளர்ற? மைக்குல சொன்னாங்களே.”

“சொன்னாங்க. அது கணக்குல இல்லியாம். டைமுதானாம்.”

“அப்ப பெருமாள் குடுத்தாரா, குடுக்கலியா?”

கேட்டதைக் கொடுத்துவிட்டார். அதுவும் அவர் கொடுக்காமலே ஹரிதா வாங்கியிருக்கக்கூடியதை.

“குடுத்துட்டாரு. நம்பதான் தப்பா கேட்டுட்டோம்.”

“இப்ப மாத்திக் கேட்டா கோச்சுக்க மாட்டாரா?”

“எத்தினி பேரு மாத்தி மாத்திக் கேக்கறாங்க, அவருக்குப் பழக்கம்தான். நாலு மணி வரைக்கும் பின்னால வரவங்கள முன்னால வுட்டுக்கினே நில்லு.”

நாலு மணிக்குக் குளம் காலி. எட்டுத் தடத்தில் ஏழில் ஆளில்லை. விசில் ஊதியதும் ஹரிதா பாய்ந்தாள். எதைப் பார்த்துக் கத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. முந்துவதற்கும் ஆளில்லை, பிந்துவதற்கும் ஆளில்லை. மனசுக்குள் எண்ணிக்கொண்டு வந்தேன். நாற்பதுக்கு மேல் தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறி, எண்ணிக்கை தவறிவிட்டது. தொட்டாள். பலகையைப் பார்த்தேன். அறுபது எழுபது என்று எதுவுமே இல்லை. ஒன்று, அப்புறம் பூஜ்யம் ஒன்று, கடைசியில் தொண்ணூற்று நாலு.

காலையில் முப்பத்தொன்று. இப்போது தொண்ணூற்று நாலு! என் கை தானாகத் தலைக்குப் போயிற்று. அதே நேரம் போன் அடித்தது.

“இன்னா ஆச்சுக்கா?”

“போச்சு தாட்சாயணி. தொண்ணூத்தி நாலாயிடுச்சு.”

லைன் கட்டாகிவிட்டது. திரும்பினால், ஹரிதா இரண்டு கையாலும் தண்ணீரை அடித்துக்கொண்டு கத்துகிறாள். சலீம் சட்டை பேன்ட்டோடு குளத்தில் குதித்துவிட்டார்.

“இப்ப ஏன் சிரிக்கறாங்க?” என்று பக்கத்தில் இருந்த அதிகாரியம்மாவைக் கேட்டேன்.

“ஒரு நிமிசம், ஒரு செகண்டு, அப்புறம் தொண்ணூத்தி நாலு. அறுவத்தொண்ணு தாட்டி அறுவத்திரெண்டுக்குள்ள வந்துட்டா. கேம்ப்புக்கு ஓகே!”

தாட்சாயணிக்குத் திரும்பத் திரும்ப போன் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப்.

ஆறரை மணிக்குத் திருப்பதி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினாள். பளபளவென்று மொட்டை, அதன்மேல் சந்தனம். ஹரிதா ஓடிப்போய் விஷயத்தைச் சொல்ல, அவள் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே அழுதாள். ஹரிதா அம்மாவின் மண்டையைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

“உனுக்கு இனிமே தண்ணியில தொப்பியே வேணாம்மா.”

எனக்கு வேறு கவலை. “நான் போச்சுன்னு சொன்னதுக்கு முன்னால எறக்கினியா, பின்னாலயா?”

“பின்னாலதான்.”

“போச்சுன்னு தெரிஞ்சும் ஏன் எறக்கின?”

“டோக்கன் நம்பர கூப்ட்டாங்க. உக்காந்துட்டேன்.”

“எதுக்குன்னு நெனச்சிக்கினு உக்காந்த? காலையில வந்த ஃபர்ஸ்ட்டுக்கா?”

“வுடுக்கா” என்றாள். சித்தூர் வரும்வரை பஸ்ஸில் நானும் விடவில்லை, அவளும் சொல்லவில்லை. ஒரு விநாடியை நூறாக வெட்டுகிறார்கள் என்று காலையில் சிரித்தவள் நான்; இப்போது அவள் மொட்டைக்கு உட்கார்ந்தது காலை ஃபர்ஸ்ட்டுக்கா, நாலு மணி டைமுக்கா என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த வாரம் ஹரிதா கேம்ப்புக்குக் கிளம்புகிறாள். அங்கே இன்னொரு போட்டி வைத்துத்தான் இந்திய டீமை எடுப்பார்களாம். நேற்று அம்மாவும் பெண்ணும் என் வாசலுக்கு வந்தார்கள். ஹரிதா ஒரு சீட்டை நீட்டினாள். அதில் நிமிடம், விநாடி, புள்ளிக்கு அந்தப்பக்கம் இரண்டு எண், எல்லாம் தெளிவாக எழுதியிருந்தது.

“இதப் பாத்து அப்பிடியே வேண்டிக்கணும் அத்தை. நீங்களா ஒரு வார்த்தை சேக்காதீங்க.”

“உங்கம்மாதான வேண்டிக்கணும்? என்னாண்ட ஏன் குடுக்கற?”

தாட்சாயணி தன் மொட்டையைத் தடவிக்கொண்டே, என் கொண்டையைப் பார்த்தபடி நின்றாள்.