சைமன்ராஜின் வலது கை

சைமன்ராஜின் வலது கையைக் காலையும் மாலையும் தூக்கி இறக்காவிட்டால் அந்த வீட்டுத் தரையிலிருந்து தண்ணீர் வந்தது. மந்தாரக்குப்பத்தில் அதே தெருவின் மற்ற வீடுகள் காய்ந்தே கிடந்தன. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது, லேசாக இரும்பு வாடை அடித்தது. சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் முகர்ந்ததுமே அது நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீர் என்று சொல்லிவிட்டார்கள். அது பொங்கி மேலே வந்து சுரங்கத்தை நிரப்பிவிடாமலிருக்க இரவு பகலாக பம்புகள் ஓடுகின்றன. சைமன்ராஜ் வேலைக்காலம் முழுக்க அந்த பம்புகளைப் பார்த்துக்கொண்டவர். ரிட்டயரான மறு வருடம் சவரம் செய்துகொண்டிருந்தபோது பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது, வலது காலில் பாதி பலம் போனது, பேச்சில் ‘ஆமா’ என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

வீட்டுக்கு வந்து பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோதெரபிஸ்ட் சரிதா, அவர் மனைவி எவாஞ்சலினின் கைகளைப் பிடித்தே காட்டினாள். ஒரு கை முழங்கைக்கு அடியில், மறு கை மணிக்கட்டில். இழுக்கக் கூடாது, தோள் நழுவிவிடும். முகத்தைப் பார்த்துக்கொண்டே தூக்க வேண்டும், முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மூடிய விரல்களைக் கட்டைவிரலிலிருந்து பிரிக்க வேண்டும். “நீங்க தூக்கலம்மா. அவர்தான் தூக்குறாரு, நீங்க கூடப் போறீங்க, அவ்வளவுதான்,” என்றாள் சரிதா. எவாஞ்சலினுக்கு அப்படித் தோன்றவில்லை. முழுப் பாரமும் தன் உள்ளங்கையில்தான் இருப்பதாக அவள் நினைத்தாள்.

ஈஸ்டர் ஆராதனை நீண்டு ஒரு காலை வேளை தவறியபோதுதான் முதலில் தண்ணீர் வந்தது. கொத்தனார் வந்து டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தார், அடியில் மண் பொடியாக உதிர்ந்தது. கையைத் தூக்கியதும் அரை மணியில் தரை காய்ந்தது. தெரு இதற்குச் சீக்கிரம் பழகிக்கொண்டது. மே மாதத்தில் குழாய் வராத நாட்களில் பக்கத்து வீட்டு அம்சவல்லி குடத்துடன் வாசலில் வந்து நிற்பாள். “யக்கா, இன்னிக்கி ஒரு வேள கைய தூக்காம வுட்டுடேன். துணி ஊறிக்கினு கெடக்குது,” என்பாள். “உனக்குத் துணி தொவைக்க எம் புருஷன் கெடக்கணுமா?” என்று எவாஞ்சலின் சிரிப்பாள். அம்சவல்லி போனதும் சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் கழற்றாமல் கிடக்கும்.

இரண்டு வேளைக்கும் நடுவில் பண்ருட்டி வரை போகலாம், திரும்பலாம். அதற்கு மேல் அவளுக்கு உலகம் இல்லை. மூன்று வருடங்கள் இப்படிப் போயின. பிறகு கோயம்புத்தூரிலிருந்து மகள் வினோலியா போன் செய்தாள். வயிற்றில் குழந்தை தலை திரும்பாமல் இருக்கிறது, படுக்கையை விட்டு எழக் கூடாது என்கிறார் டாக்டர், அம்மா வர வேண்டும். சைமன்ராஜின் அக்கா மேரிசெல்வி உதவிக்கு வந்தாள், எல்லாவற்றையும் சரியாகச் செய்தாள். ஆனால் எவாஞ்சலினின் பஸ் பாதி வழி போவதற்குள் வீட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் என்று போன் வந்தது. அவள் இறங்கி எதிர் பஸ் ஏறினாள்.

மறுநாள் மாலை, மேரிசெல்வி போன பிறகு, அவள் கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தண்ணீர் வந்தது. செருப்புகள் மிதந்தன. கட்டில் கால்களில் அது ஏறுவதைப் பார்த்தபோது மனம் பயப்படவில்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது. உள்ளே ஏதோ ஒன்று கணக்காகக் காத்திருந்தது, அது தன்னுடைய குரலிலேயே பேசியது. “விட்டுடட்டுமா?” என்று அவரிடம் கேட்டாள். “ஆமா,” என்றார். அவரிடம் இருந்தது அந்த ஒரு சொல்தான். கண்ணைப் பார்த்தும் எதுவும் தெரியவில்லை. மெத்தை நனையும்போது அவள் எழுந்து முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள்.

தூக்கிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வினோலியா பிறந்த நாள் ஞாபகம் வந்தது. தான் வலியில் கிடக்க, சைமன்ராஜ் மறுநாள்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தார். “பதினாறு மணி நேரமா ரிலீவர் வரல,” என்று மட்டும் சொன்னார். ஷிப்ட் மாற வருகிறவர் பம்பைப் பார்த்து, நிலவரம் கேட்டு, “எடுத்துட்டேன்” என்று வாயால் சொல்லும் வரை இருப்பவர் நகரக் கூடாது. ஒரு பம்புக்காகத் தன்னை விட்டவர் என்று அவரை அவள் வெகுகாலம் மன்னிக்கவில்லை. இப்போது அவளுக்குத் தெரிந்தது, தான் மேரிசெல்வியிடம் எதையும் ஒப்படைக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள், அவ்வளவுதான்.

அன்று வராத ரிலீவர் குழந்தைவேல், பக்கத்து ஊரான வடக்குத்தில் இருந்தார். போன் செய்து, தான் கோயம்புத்தூர் போய்த் திரும்பும்வரை கையைப் பார்த்துக்கொள்ளக் கேட்டாள். அன்றைக்குப் போல் லேட் ஆக்கிவிடாதீர்கள் என்றாள். அவர் ஷிப்டுக்குக் கால் மணி முன்பாகவே சாப்பாட்டுத் தூக்குடன் வந்தார். அவள் சைமன்ராஜின் கையைத் தாங்கியபடி நிலவரம் சொன்னாள். தோள் மட்டம் வரை வரும், மேலே போனால் வலிக்கும், கட்டைவிரலை முதலில் பிரிக்க வேண்டும். கடைசியாக, “எனக்கு ரொம்ப முடியல அண்ணே,” என்றாள். அதுவும் நிலவரம்தான் என்பதுபோலக் குழந்தைவேல் தலையாட்டிவிட்டு, அவள் கைகளுக்கு அடியில் தன் கைகளைக் கொடுத்தார். “எடுத்துட்டேன் தங்கச்சி.” தரை காய்ந்தே இருந்தது.

கோயம்புத்தூரில் பேத்தி பிறந்தாள். மாலை ஆனதும் எவாஞ்சலினின் கைகள் தாமாக எழுந்து வெறுங்காற்றைத் தூக்கி இறக்கின. அவை இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகுதான் வினோலியா குழந்தையைக் கொடுப்பாள்.

ஒரு மாதம் கழித்து அவள் திரும்பியபோது மாலைப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குழந்தைவேல் நிலவரம் சொன்னார். தோளுக்கு மேல் இரண்டு விரல் அளவு கூடுதலாக வருகிறது, மற்றபடி எல்லாம் ஓடுகிறது. எவாஞ்சலின் பையுடன் வாசற்படியிலேயே நின்றாள். அவர் அவசரப்படுத்தவில்லை.

“நீ சொன்னாத்தான் நான் கைய எடுப்பேன் தங்கச்சி. மொள்ள வா. நான் ஒனக்கு பதினாறு மணி நேரம் பாக்கி வச்சிருக்கேன்.”

கட்டிலில் சைமன்ராஜ் அவளைப் பார்த்து, “ஆமா,” என்றார். தெருவில் அம்சவல்லியின் குடங்கள் வரிசையாகக் கவிழ்ந்திருந்தன. எவாஞ்சலின் பையை இறக்கிவைத்து, முகம் கழுவி, தலைவாரி, ஒரு டம்ளர் காபி போட்டு நின்றபடியே முழுவதும் குடித்தாள். பிறகு வந்து முழங்கைக்கு அடியில் கையைக் கொடுத்தாள். பாரம் அப்படியே திரும்ப வந்தது.

“எடுத்துட்டேன்,” என்றாள்.

குழந்தைவேல் தூக்கை எடுத்துக்கொண்டு, வியாழக்கிழமை தன் ஷிப்ட் என்று சொல்லிவிட்டுப் போனார்.