பூஜையில் வைத்த மஞ்சள் பெட்டி

சேனாபதி இரண்டு கார்களையும் வெளியே நிறுத்திவிட்டு, கராஜ் தரையில் பெட்ஷீட்டை விரித்துத் தன் சாமான்களை அடுக்கியிருந்தான். இரும்புத் தொப்பி, மடக்கு மண்வெட்டி, துணியுறை போட்ட தண்ணீர்க் குடுவை, கழுத்து வளைந்த பச்சை டார்ச், கதிரியக்கம் அளக்கும் மஞ்சள் பெட்டி, போர் விமானம் ஒன்றிலிருந்து கழற்றிய உயரமானி. எல்லாம் அமெரிக்க ராணுவம் எப்போதோ கழித்துக்கட்டியவை. வார இறுதிகளில் சந்தை சந்தையாக அலைந்து அவன் சேர்த்தவை. அவன் மனைவி வான்மதி ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்தாள். உயரமானிக்கு மட்டும் வைக்கவில்லை.

"இந்த மான்மவுத் ஜங்ஷன் ஊருக்குள்ளயே நிஜமான ஆயுத பூஜை உங்க வீட்லதான்யா நடக்குது," என்றார் பக்கத்து வீட்டு சுந்தரராமன். "நானெல்லாம் லேப்டாப்புக்குப் பொட்டு வெச்சுட்டு வந்திருக்கேன். பேருக்கேத்த ஆளுதான்யா நீ."

"பேர் வெச்ச எங்கப்பாவே இத எதிர்பாத்திருக்க மாட்டாருங்க."

இருட்டில் ஒளிர்வதற்காக உயரமானியின் எண்களில் பூசியிருந்தது ரேடியம். முந்தின நாள் சேனாபதி அதன் கண்ணாடியைக் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் வைத்து, பழைய டூத்பிரஷால் முகப்பைத் தேய்த்தான். கண்ணாடியைப் பிடித்திருந்த வளையம் உடைந்துவிட்டதால் திரும்ப மாட்டவில்லை.

"அது ரேடியங்க," என்று வான்மதி அப்போதே தணிந்த குரலில் சொன்னாள்.

"அதெல்லாம் செத்துப் போச்சு மதி. லைட்ட ஆஃப் பண்ணிப் பாத்தேன், துளிகூட மினுங்கல."

அவள் கோவையில் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவள். செத்தது, ரேடியத்தோடு கலந்த ஒளிரும் பொருள்தான். ரேடியமும் அதன் கதிர்வீச்சும் அப்படியேதான் இருக்கும். இதை எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அவன் எழுந்து போய்விட்டான். அவள் மேஜையை ஈரத்தாளால் துடைத்தாள், மறுபடியும் துடைத்தாள். பிரஷைப் பையில் கட்டி எறிந்தாள். மீதியை மறுநாள் பூஜைக்கு வரும் விருந்தாளிகள் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

சூடம் காட்டி முடிந்தது. சுண்டல் கிண்ணங்களை எடுத்து வர அவள் உள்ளே போய்த் திரும்பியபோது, மூன்று வயது அஞ்சனா பெட்ஷீட்டின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். உயரமானி மடியில் இருந்தது. விரலால் அதன் முள்ளைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, லுக்! க்ளாக்!"

விரல் நுனிகளில் பழுப்பு மஞ்சளாகப் பொடி. சுந்தரராமன் தன் கிண்ணத்திலிருந்து ஒரு கொண்டைக்கடலையை அந்தக் கையில் வைத்தார். அது வாய்க்குப் போவதற்குள் வான்மதி தட்டிவிட்டாள். கடலை இரும்புத் தொப்பியில் பட்டு உருண்டது. குழந்தை அழ ஆரம்பித்தது.

"பாப்பா கையக் கெட்டியாப் புடிச்சுக்குங்க," என்றாள் கணவனிடம். "வாய்க்குப் போகக் கூடாது." அவள் குரல் கராஜில் எல்லோருக்கும் கேட்டது.

அவன் திகைத்துப்போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்தான். வான்மதி வளைந்த டார்ச்சைத் திறந்து பேட்டரிகளை உருவினாள். மஞ்சள் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள்.

"மதி, பூஜைல வெச்சத நாளைக்குக் காலைலதான் எடுக்கோணும்," என்றான் அவன், பாதிச் சிரிப்பாக.

அவள் மூடியைத் திறந்து பேட்டரிகளைப் போட்டாள். பெட்டியின் சத்தம் ஹெட்போனில் மட்டுமே கேட்கும். அதைக் காதில் வைத்துக்கொண்டு விசையைத் திருப்பினாள். விட்டு விட்டு, ஒன்றிரண்டு சொடுக்குகள். பெட்டியிலிருந்து கம்பியில் தொங்கிய உணர்குழலை உயரமானியின் அருகே கொண்டுபோனதும் கடுகு வெடிப்பதுபோல் படபடத்தது.

"ஓடுதாம்மா அது?" என்றார் சுந்தரராமன்.

அவள் ஹெட்போனைக் கழற்றிக் கணவனின் காதில் மாட்டினாள். அவனுடைய பாதிச் சிரிப்பு நின்றது. உயரமானியைத் தள்ளி மூலைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். குழலை மெதுவாக மகளின் விரல்களை நோக்கி நகர்த்தினாள். அவளுக்கு இப்போது எதுவும் கேட்கவில்லை. பெட்டியின் மேல் ஈரம் காயாத குங்குமப் பொட்டுக்குப் பக்கத்தில் அளவு காட்டும் சின்ன முள் இருந்தது. அதைப் பார்க்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.