கெப்ளரும் ஒஸ்லோவின் ராகு காலமும்

மகேசனுக்கு நாக்கில் சனி என்று அவருடைய மனைவி சிவமலர் சொல்வதுண்டு. சனி சூரியனை ஒரு தரம் சுற்றவே இருபத்தொன்பதரை வருடம் எடுக்கும், என் நாக்கில் குந்தியிருக்க அதற்கு எங்கே நேரம் என்பார் அவர். ஊரில் கணித வாத்தியார். ஒஸ்லோவில் பாண் தொழிற்சாலையில் மா குழைக்கும் இயந்திரத்துக்குக் காவல். பதினேழு வருடமாகியும் அந்த இயந்திரம் அவரிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. அதனால்தான் 2006 கடைசியில் தமிழ்ச் சங்கத்தில் வானியல் பற்றி மூன்று சொற்பொழிவுகளை வைத்தார்.

மண்டபம் ஞாயிறு மாலை நாலரைக்குத்தான் கிடைத்தது. கொப்பர்னிக்கஸ் பூமியை நடுவிலிருந்து தூக்கி எறிந்ததைக் கேட்க நான்கு பேர் வந்தார்கள். கலிலியோ வியாழனின் நிலாக்களைக் கண்டதைக் கேட்க மூன்று பேர், அதில் ஒருவர் மண்டபச் சாவிக்காரர்.

"அண்ணை, கெப்ளருக்கு இருபது பேர் வராட்டி மண்டபத்தை சங்கீத வகுப்புக்குக் குடுக்கப் போறம்," என்றார் செயலாளர் இரத்தினவேல். இதுவும் போனால் மகேசன் இனி யாருக்கும் வாத்தியார் இல்லை.

"இஞ்சருங்கோ, ஞாயிறு நாலரையிலை இருந்து ஆறு மட்டும் ராகு காலம். அந்த நேரத்திலை ஆர் வெளிக்கிடுவினம்?" என்றார் சிவமலர், குசினிக் காலண்டரைக் காட்டி.

மகேசன் துள்ளினார். ராகு காலம் என்பது பகலின் எட்டில் ஒரு பங்கு, ஞாயிறன்று கடைசிப் பங்கு. காலண்டர்க்காரன் கணித்தது யாழ்ப்பாணத்துச் சூரியனுக்கு. டிசம்பரில் இங்கே சூரியன் மூன்றேகாலுக்கு முன்னமே படுத்துவிடுகிறது, இருட்டுக்குள் பகலின் பங்கு எங்கிருந்து வரும்? இந்தக் கூத்தை ஊரறியச் செய்கிறேன் பார் என்று மூன்று நாள் லீவு போட்டு, ஒஸ்லோவின் உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்து வருடம் முழுவதற்கும் ராகு கால அட்டவணை போட்டார். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு.

சிவமலர் அதைப் படித்தார். "டிசம்பரிலை நாப்பத்து நாலு நிமிசம்தானோ? அதுவும் மூண்டேகாலுக்கு முன்னம் முடியுதோ? அப்ப நாலரைக்கு தாராளமா வரலாம்!"

ஒரே வாரத்தில் அந்த அட்டவணை பிரதியெடுக்கப்பட்டு ஒஸ்லோவில் தமிழர் வாழும் ஹவுகன்ஸ்டுவாவிலும் எல்லிங்ஸ்ருட்டிலும் குளிர்சாதனப் பெட்டிகளில் ஒட்டப்பட்டது.

கெப்ளருக்கு அறுபத்து மூன்று பேர் வந்தார்கள். மகேசனுக்குக் கால் தரையில் இல்லை. செவ்வாய்க் கிரகத்தோடு கெப்ளர் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியதையும், பாகையில் எட்டுக் கலை, அதாவது அறுபதில் எட்டுப் பங்கு, பிசகியதற்காகத் தன் கணக்கையே குப்பையில் போட்டதையும், கடைசியில் கிரகங்களின் பாதை வட்டமல்ல, நீள்வட்டம் என்று கண்டதையும் கை வீசிச் சொன்னார். ஒரு பேனாவும் அசையவில்லை.

முன்வரிசையில் உதயகுமாரி எழுந்தார். "அண்ணை, நாங்கள் திராமன் ஊர் ஆக்கள். எங்களுக்கும் இதே நேரமோ?"

"ரண்டு நிமிசம் பிந்தும்," என்று வாய் முந்திவிட்டது. அறுபத்து மூன்று பேனாக்களும் ஒன்றாக எழுதின.

"அதேன் பிந்துது?"

"பூமி ஒரு பாகை சுழல நாலு நிமிசம். திராமன் மேற்காலை அரைப் பாகை."

"அப்ப உண்மையிலேயே நாங்கள்தான் சுத்துறம்," என்றார் உதயகுமாரி. அதையும் சிலர் எழுதினார்கள். மகேசனுக்குக் கண் கலங்கியது.

பேச்சில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது. கிரகங்களுக்கு நம்மோடு ஒரு வேலையும் இல்லை, அந்த அட்டவணையைக் கிழித்துப் போடுங்கள் என்பதுதான் அது. கெப்ளரே பிழைப்புக்குச் சாதகம் கணித்தவர்தானே என்று ஒரு சாட்டு ஓடி வந்தது. வெட்கமாகவும் இருந்தது. கலிலியோவைப் பணியவைக்கத் திருச்சபையின் விசாரணை மன்றமே தேவைப்பட்டது, மகேசனுக்கு அறுபத்து மூன்று பேனாக்கள் போதுமாயின.

"கடைசியா என்னவோ சொல்ல வந்தியள் அண்ணை?" என்றார் இரத்தினவேல்.

மகேசன் தாளை மடித்தார்.

"பேர்கன் நகரத்து ஆக்களுக்கும் கணிச்சுத் தரட்டோ எண்டு கேக்க வந்தனான்," என்றார்.