பத்துக்கு மூன்றரை

டாக்குரியா ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தையில் மாரியப்பனின் பன்றிக்கறிக் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. தேவைப்பட்டதும் இல்லை. முன்னால் நின்று கறி வெட்டுவது மாரியப்பன். பின்னால் உட்கார்ந்து சாசேஜ் போடுவது அவர் மனைவி பாப்பா. குடலை உப்பும் எலுமிச்சையும் போட்டு மூன்று தண்ணீரில் அலசி, கையால் கொத்திய கறியில் பூண்டும் மிளகும் பிசைந்து, புனல் வைத்துத் திணித்து, சாண் அளவுக்கு ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டுவாள். மெஷின் வாங்கலாம் என்று மாரியப்பன் வாயெடுக்கும்போதெல்லாம், அரைத்துப் போட்டால் அதற்குப் பெயர் சாசேஜ் இல்லை, துவையல் என்று சொல்லி அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுவாள்.

டிசம்பர் இரண்டாவது வாரம், வியாழக்கிழமை காலையில், ஏரிக்கரை பிக்னிக் கிளப்பின் செயலாளர் போன் செய்தார். கிறிஸ்துமஸுக்குச் சொல்லி வைத்திருந்த முப்பது கிலோ வேண்டாமாம். காரணம் கேட்டதற்கு மென்று விழுங்கினார். பத்து மணிக்குள் இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பதினோரு மணிக்குக் கறி வாங்க வந்த கல்லூரிப் பெண் ஒருத்தி, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, போனை நீட்டிக் காட்டினாள்.

முகநூலில் பெங்காலியில் எழுதும் ஒரு சாப்பாட்டுப் பக்கம். நாற்பதாயிரம் பேர் படிக்கிறார்கள். தட்டில் பாப்பாவின் சாசேஜ். அந்த முறுக்கை அவளுக்குத் தெரியாதா? பாப்பா பெங்காலிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். எழுத்து விடாமல் படித்தாள். உப்பு தூக்கல். தோல் ரப்பர். பேரைக் கேட்டு ஏமாற வேண்டாம். பத்துக்கு மூன்றரை.

எழுதியவன் வேற்றாளும் இல்லை. காளிகாட்டில் குடியிருக்கும் தினேஷ்குமார். கிடர்பூர் துறைமுகத்தில் சரக்கு கிளியரிங் செய்யும் கம்பெனியில் வேலை. இங்குள்ள தமிழர்களின் பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தால் விடாத ஆள். போன வருடம் இதே கடையில் நின்று, "அக்கா கை, தங்கக் கை" என்று சொல்லி இரண்டு கிலோ வாங்கிப் போனவன்.

மாரியப்பன், விடு, நாலு நாளில் மறந்துவிடுவார்கள் என்றார். நாலு நாளில் கிறிஸ்துமஸே வந்துவிடும் போலிருந்தது அவளுக்கு. காலையில் போட்ட சரத்திலிருந்து நாலை வறுத்து டிபன் பாக்ஸில் அடைத்தாள். அவன் கண்ணெதிரே திறந்து வைத்து, தின்னுடா, தின்று விட்டு எங்கே உப்பு என்று சொல்லுடா என்று கேட்கப் போகிறாள். காளிகாட்டுக்கு பஸ்ஸில் போகும்போது அந்த வாக்கியத்தைப் பல தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் ஒரு 'டா' கூடியது.

அவன் வீடு மூன்றாவது மாடி. மணியை அழுத்தினாள். கதவு திறந்தது.

கறுப்பு வேட்டி, வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் துளசி மாலை. சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான் தினேஷ்குமார்.

"சாமி சரணம். வாங்கம்மா" என்றான்.

பாப்பா சேர்த்து வைத்திருந்த அத்தனை 'டா'வும் உதிர்ந்து போயின. மாலை போட்டவன் பச்சைப் பிள்ளையானாலும் சாமிதான். அவள் வீட்டு வழக்கம் அது. கையில் பன்றிக்கறியோடு சாமி வாசலில் நிற்கிறோம் என்று அடுத்த நொடி உறைத்தது. விடுவிடுவென்று நாலு படி கீழே இறங்கி, டிபன் பாக்ஸை ஓரமாக வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரும்ப ஏறினாள். ஏறும்போதுதான் விஷயம் பிடிபட்டது.

"சாமி, மாலை எப்பப் போட்டீங்க?"

"கார்த்திகை ஒண்ணாம் தேதிம்மா. வருஷா வருஷம் அப்படித்தான்."

"நேத்து எங்க கடைச் சாசேஜுக்கு மார்க் போட்டிருக்கீங்களே சாமி. எந்த வாயால தின்னீங்க?"

அவன் முகம் வெளுத்தது. உள்ளே திரும்பிப் பார்த்துவிட்டுக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னான். விரதத்துக்காக இரண்டு மாதம் பக்கத்தை மூடி வைத்தால் படிக்கிறவர்கள் வேறு பக்கம் போய்விடுவார்களாம். அதனால் ஆபீஸில் கூட வேலை செய்யும் ராம்கியை வாங்கித் தின்னச் சொல்லி, இவன் எட்ட ஒரு மேஜையில் உட்கார்ந்து ராம்கியின் முகத்தைப் பார்த்து எழுதினானாம். பதினைந்து வருட அனுபவமாம்; முகத்தைப் பார்த்தாலே ருசி தெரிந்துவிடுமாம்.

"ராம்கி உப்புன்னு சொன்னாரா?"

"சொல்லலை. ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சான்."

"தோல் ரப்பர்னு?"

"ரொம்ப நேரம் மென்னான்."

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து அவன் மனைவி மாதவியின் குரல் வந்தது. "ராம்கி அண்ணன் அன்னிக்குத்தானே பல் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தாரு? மரத்துப் போன வாயோட போன்ல பேசினாரே."

பாப்பாவின் காது மடல் இரண்டும் கொதித்தன. ஒருத்தன் பல் வலிக்கு அவள் முப்பது கிலோ போயிருக்கிறது.

தினேஷ்குமார் அவசரமாகப் போனை எடுத்தான். இப்போதே மாற்றிவிடுவதாகவும் எட்டு போட்டுவிடுவதாகவும் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்து எட்டரை என்றான்.

அதுவரை அடக்கியிருந்தது அப்போதுதான் வெடித்தது.

"எட்டரையை மட்டும் எந்த வாயால தின்னீங்க சாமி? மூணரை பொய்யின்னா எட்டரையும் பொய்தானே? விடியக்காலை நாலு மணிக்குக் குடல் அலசுறேன். விரல் இடுக்கெல்லாம் எலுமிச்சை எரியுது. அதுக்கு யாரோ தண்ணி குடிச்சதைப் பார்த்து மார்க்கா? எனக்கு உங்க நம்பர் வேண்டாம். திங்கலைன்னு எழுதுங்க."

அவன் கெஞ்சினான். மாலையோடு தின்றேன் என்று ஊர் நினைத்தால் குருசாமி இருமுடி கட்டவே விடமாட்டார். தின்னவில்லை என்று எழுதினால் பக்கத்தின் மானம் போய்விடும். தை பிறந்து மாலையைக் கழற்றியதும் கடைக்கே வந்து தின்று எழுதுகிறேன் என்றான். தை மாதம் யார் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டுவிட்டு, பாப்பா படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எழுதாமல் போவதில்லை.

அவன் எழுதினான். 'தவிர்க்க முடியாத காரணங்களால் இந்த மதிப்பெண் மறுபரிசீலனையில் உள்ளது' என்று முதலில் அடித்துக் காட்டினான். பாப்பா பெங்காலியில் படித்துப் பார்த்து, இதில் தின்னவில்லை என்கிற வார்த்தை எங்கே என்றாள். அழித்தான். கடைசியில் அவள் சொல்லச் சொல்ல அடித்தான்: 'டாக்குரியா சாசேஜை நான் ருசி பார்க்கவில்லை. பார்க்காமலே எழுதினேன். அந்த மார்க்கை எடுத்துவிட்டேன்.'

போட்ட இரண்டாவது நிமிஷமே போன் சிணுங்கியது. முதல் பின்னூட்டம். பாப்பாவே எட்டிப் படித்தாள். அப்படியானால் இந்த மாதம் எழுதிய மற்ற நாலு கடைகளையாவது தின்றீர்களா என்று யாரோ கேட்டிருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொன்று. அதற்கும் கீழே இன்னொன்று. தினேஷ்குமார், இதற்கு நீங்கள்தான் வழி சொல்ல வேண்டும் என்பதுபோல அவளைப் பார்த்தான்.

"அது உங்க பாடு சாமி" என்று சொல்லிவிட்டு, ஓரமாக வைத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

பஸ் நிறுத்தத்துக்கு வருவதற்குள் கிளப் செயலாளர் போன் செய்துவிட்டார். இப்போதுதான் பார்த்தாராம், தப்பாக நினைக்க வேண்டாமாம், அந்த முப்பது கிலோ ஆர்டரை அப்படியே வைத்துக்கொள்ளலாமாம். கோபம் இன்னும் இறங்கியிருக்கவில்லை. பாப்பா நடுத்தெருவில் நின்று, அவருக்குப் புரியும்படி நல்ல பெங்காலியில் சொன்னாள். போனில் ஆர்டர் எடுப்பதில்லை. நாளைக் காலை ஏழு மணிக்குக் கடைக்கு வரட்டும்; சூடாக வறுத்துத் தருவாள்; அவள் முன்னால் நின்று ஒன்று தின்னட்டும். அதற்கப்புறம் வேண்டுமா வேண்டாமா என்று அவர் வாயால் சொல்லட்டும்.