ஏழாம் நம்பர் பேட்டரி

டோல்கேட் பக்ருதீன் பாயின் கடைக்கு முதல்முறை வருகிறவர்கள், வாக்கி-டாக்கி பேட்டரிக்கெல்லாம் வைத்தியம் உண்டா என்று சந்தேகத்தோடுதான் கேட்பார்கள். உண்டு. வைத்தியம் பார்ப்பது பின்னறையில் இருக்கும் ரேச்சல். பாதி தீர்ந்ததுமே சார்ஜில் போட்டுப் போட்டுப் பழக்கிய பேட்டரி, அந்தப் பாதிதான் தன் முழு அளவு என்று நம்பிவிடும். அதை ஒட்ட வடித்து, நிதானமாக ஏற்றி, மறுபடியும் வடித்து, மறுபடியும் ஏற்றினால் மறந்துபோன மீதி மெல்லத் திரும்பும். எவ்வளவு திரும்பியது என்று மேஜைமேல் இருக்கும் மெஷின் சொல்லும். அந்த எண் ஏறுவதைப் பார்க்க ரேச்சலுக்கு இன்னும் அலுக்கவில்லை.

ஈஸ்டர் முடிந்த வாரத்தில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பெயர் சாவியோ. சாத்தாங்காட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் சிக்னல்காரன். கீழே நின்றுகொண்டு, கிரேன் ஆபரேட்டருக்கு ஏற்று, இறக்கு, நிறுத்து என்று வாக்கி-டாக்கியில் சொல்கிற வேலை. ராயபுரத்தில் கோயில் வாசலில் இரண்டு வீட்டுக்காரர்களும் பேசிக்கொண்டிருந்தபோது, அவன் அவளிடம் சமையலைப் பற்றியோ சினிமாவைப் பற்றியோ கேட்கவில்லை. “செத்த பேட்டரி எப்படிங்க பொழைக்குது?” என்று கேட்டான். கேட்டதோடு நில்லாமல், அவள் சொல்லி முடிக்கும்வரை வேறெங்கும் பார்க்காமல் கேட்டுக்கொண்டான். ரேச்சலுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த யார்டின் பேட்டரிகளும் அவளிடம்தான் வரும். வெள்ளை பெயின்ட்டில் நம்பர் போட்டு, ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய வரும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வாக்கி-டாக்கி செட், அதற்கு இரண்டு பேட்டரி; ஒன்று யார்டில் ஓடும்போது மற்றது கடைக்கு வரும். ஒருவர் நம்பரை மற்றவர் தொடக்கூடாது என்பது யார்டு சட்டம். சாவியோவின் நம்பர் ஏழு என்று வேன் டிரைவரிடம் பேச்சுவாக்கில் தெரிந்துகொண்டாள். அதன்பிறகு ஏழாம் நம்பர் பேட்டரிகளுக்கு அந்தப் பின்னறையில் தனி மரியாதை நடந்தது. ஒரு சுற்று வடிப்பு கூடுதல். முனைகளை ரப்பரால் தேய்ப்பது கூடுதல். இதெல்லாம் பாய்க்குத் தெரியாது என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் சாயங்காலம் அவளுடைய அப்பா அருள்பிரகாசம் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டி ஓய்வுபெற்றவர் அவர். யார்டில் ஃபோர்மேனாக இருக்கும் மாசானம் அவருக்குப் பழைய சிநேகிதர். வரனைப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் மாசானம் சொன்னது நல்லதாக இல்லை. பையனுடைய செட் வேலை நடுவில் அடிக்கடி செத்துப்போகிறதாம். போன வாரம் கன்டெய்னர் அந்தரத்தில் தொங்கும்போது, இவன் நிறுத்து என்று கத்தியது மேலே போய்ச் சேரவில்லை. டிரெய்லரின் கேபினை உரசிக்கொண்டு கன்டெய்னர் இறங்கியிருக்கிறது. டிரைவர் டீக்கடையில் இருந்ததால் தப்பித்தான். பேட்டரி சரியில்லை என்கிறான் பையன். செட்டை அணைத்துவிட்டு எங்காவது போனில் பேசிக்கொண்டிருப்பான் என்பது மாசானத்தின் கணிப்பு. அடுத்த வாரம் சிக்னலிலிருந்து எடுத்துவிடப் போகிறாராம்.

“அந்த ஏழாம் நம்பர் பேட்டரிய நீதானம்மா பாக்கற. எப்டி கீது அது?”

ரேச்சல் யோசிக்காமல் சொன்னாள். “சூப்பரா கீது நைனா. அந்தக் கூடையிலயே அதான் நல்ல பேட்டரி.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“அப்ப பையன்தான் சரியில்ல. சிக்னல் குடுக்கறவன் வாய மூடிக்கினா கீழ நிக்கறவன் காலிம்மா. ஹார்பர்ல நான் பாத்துக்கீறேன். ஞாயித்துக்கெழம பேசி முடிக்க வர வேணான்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்பிடறேன்.”

மறுநாள் கூடை கடைக்கு வந்திருந்தது. அதிலிருந்த ஏழாம் நம்பர் பேட்டரியை அவள் மெஷினில் நிறுத்தினாள். எண் வழக்கம்போல் உயரத்தில் போய் நின்றது. பேட்டரி பொய் சொல்லவில்லை. கோயில் வாசலில் அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தவன் பொய் சொல்வான் என்று நம்பவும் மனசு வரவில்லை. இரண்டு பேரும் உண்மை சொன்னால், நடுவில் வேறு ஏதோ இருக்கிறது. அது என்ன என்கிற கேள்வி அவளைச் சாப்பிடவிடவில்லை. வரன் போய்விடுமே என்கிற பயம்கூட அந்தக் கேள்விக்குப் பின்னால்தான் நின்றது.

பேட்டரியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முதுகில் குறுக்கே மங்கலாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று வந்தது. மோந்து பார்த்தாள். ரப்பர் பேண்ட். வெயிலில் உருகி ஒட்டியிருக்கிறது. கூடையைக் கவிழ்த்து மற்ற பேட்டரிகளையெல்லாம் பார்த்தாள். ஒன்றிலும் அந்தக் கோடு இல்லை. நல்லபடியாக இருக்கிற செட்டுக்கு எவனாவது ரப்பர் பேண்ட் போடுவானா?

சனிக்கிழமை, கூடையைத் தானே கொண்டுபோய்க் கொடுப்பதாக பாயிடம் சொன்னாள். “பேட்டரி டெலிவரியா, மாப்ள டெலிவரியாம்மா?” என்று கேட்டுவிட்டு அவர் தலையை ஆட்டினார். அப்பாவையும் கூப்பிட்டாள். கண்ணால் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், நான் எதிர்த்துப் பேச மாட்டேன் என்றாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஆட்டோவில் ஏறினார். வழிநெடுக இரும்புக் கம்பி ஏற்றிய லாரிகள். கூடையை மடியில் வைத்து, பள்ளம் வரும்போதெல்லாம் அணைத்துக்கொண்டாள்.

யார்டு ஆபீஸ் ஒரு பழைய கன்டெய்னரிலேயே ஜன்னல் வெட்டி வைத்தது. மாசானம் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார். விஷயத்தைக் கேட்டதும், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்பதுபோல் சாவியோவைக் கூப்பிட்டனுப்பினார். ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்தவன், ரேச்சலைப் பார்த்ததும் அதை மறுபடியும் தலையில் வைத்துக்கொண்டான். இடுப்பில் செட். அதைச் சுற்றி, கொத்தமல்லிக் கட்டுக்குப் போடுகிற சிவப்பு ரப்பர் பேண்ட்.

“பாத்தியாம்மா,” என்றார் மாசானம். “ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு தொல்லையும் இல்ல. இப்ப தெனம் ஒரு கத.”

ரேச்சல் முதலில் மேஜைமேல் கிடந்த பன்னிரண்டாம் நம்பர் செட்டை எடுத்து, அதன் பேட்டரியைப் பின்பக்கம் சறுக்கி மாட்டினாள். டிக் என்று சத்தம் வந்தது. பிறகு சாவியோவின் செட்டை வாங்கி, ரப்பர் பேண்டை உருவி, அதிலிருந்த பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, கூடையிலிருந்த ஏழாம் நம்பர் பேட்டரியை மாட்டினாள். பேட்டரி உட்கார்ந்தது. விளக்கு எரிந்தது. ஆனால் டிக் கேட்கவில்லை. யார்டில் ஓடியாடுகிறவன் இடுப்பில் அது எப்படிக் குலுங்கும் என்று நினைத்துக் குலுக்கினாள். விளக்கு அணைந்தது.

பேட்டரியைக் கழற்றி உள்முகத்தைப் பார்த்தாள். அவளுடைய ஸ்டிக்கர். அவள் கையெழுத்தில் தேதி. கடையில் எல்லா பேட்டரிக்கும் ஒட்டுவதுதான், வெளியே உரசி அழியக் கூடாதென்று உள்பக்கமாக ஒட்டுவார்கள். ஆனால் ஏழாம் நம்பருக்கு மட்டும், வியர்வை பட்டு எழுத்து கலையக் கூடாதென்று ஈஸ்டருக்குப் பிறகு கண்ணாடி டேப் போட்டிருந்தாள். ஒரு அடுக்கு போதாதென்று இன்னொரு அடுக்கு. கடை மெஷினில் பேட்டரியைக் கிண்ணத்தில் நிறுத்துவதோடு சரி. செட்டின் முதுகில் சறுக்கிப் பூட்டுகிற வேலை அங்கே இல்லை. அந்த இரண்டு அடுக்கு டேப்பின் கனம் இங்கே, இவன் இடுப்பில்தான் தெரியும்.

காதெல்லாம் சூடாகிவிட்டது அவளுக்கு. பிளேடு கேட்டு வாங்கி, டேப்போடு ஸ்டிக்கரையும் உரித்தாள். பேட்டரியை மாட்டினாள். டிக். குலுக்கினாள். மேஜையில் தட்டினாள். விளக்கு அசையவில்லை.

“தப்பு என்னுதுதான்,” என்றாள் மாசானத்திடம். “டேப் கனத்துல பேட்டரி பூட்டிக்கல. இவர்மேல ஒண்ணும் இல்ல.”

மாசானம் கூடையிலிருந்து நாலைந்து பேட்டரிகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். “மத்த எதுக்கும் டேப் இல்லியே. இதுக்கு மட்டும் இன்னாத்துக்கும்மா?”

அருள்பிரகாசம் ஜன்னல் வழியே கிரேனைப் பார்க்க ஆரம்பித்தார். மாசானத்துக்கு மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும், கேட்டிருக்க வேண்டாமே என்று மூக்கைச் சொறிந்துகொண்டார்.

அப்பா திரும்பி சாவியோவிடம் கேட்டார். “டேப்புதான் இடிக்குதுன்னு உனக்குத் தெரியாதா நைனா?”

“சந்தேகமா இருந்துச்சு மாமா. ஸ்டிக்கர் கிழிஞ்சா கேரண்டி கெடையாதுன்னு அதுலயே போட்டுக்கீது.” கீழே பார்த்துக்கொண்டு சொன்னான். “கிழிக்கவும் மனசு வர்ல.”

“உயிரு போற எடத்துல இன்னா கேரண்டி?” அப்பாவின் குரல் கடுமையாக இருந்தது. “அன்னிக்கு அந்த டிரைவர் வண்டில இருந்திருந்தா?”

சாவியோ தப்புதான் என்றான். அன்றைக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் வரவில்லை என்றும், மறுநாளிலிருந்து செட்டை நம்பாமல், ஆபரேட்டர் கண்ணில் படுகிற இடத்தில் நின்று கையாலும் சிக்னல் காட்டுவதாகவும் சொன்னான். மாசானம் தலையைத் தூக்கினார். இவன் வெயிலில் நின்று கையை ஆட்டுவதைப் பார்த்து, யாரோ தோஸ்துக்கு டாட்டா காட்டுகிறான் என்று அவர் திட்டியிருக்கிறார்.

“மெதுவா எறக்குன்னு கையால காட்டு,” என்றார் அப்பா.

சாவியோ ஒரு கையைத் தாழ்த்திப் பிடித்து, உள்ளங்கையைக் கீழே நோக்கி, காற்றைத் தடவுவதுபோல் அசைத்தான். வின்ச் மேலே உட்கார்ந்து எத்தனையோ வருஷம் அந்தக் கையைப் பார்த்து ஓட்டியவர், அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேஜையிலிருந்த ஏழாம் நம்பர் செட்டை எடுத்து, பட்டனை அமுக்கி, மேலே குரல் கேட்கிறதா என்று கேட்டார். நல்லா கேக்குது, நீ யாரு என்றது கிரேன். அவர் செட்டை சாவியோவின் கையில் கொடுத்தார்.

இரண்டாவது பேட்டரியின் ஸ்டிக்கரையும் ரேச்சல் உரித்துவிட்டாள். இரண்டையும் கசக்கிக் குப்பையில் போடப்போனபோது, ஒன்றை மட்டும் கொடுக்கச் சொல்லிக் கை நீட்டினான் சாவியோ. டேப்பின் பசை இன்னும் போகவில்லை. ஹெல்மெட்டின் உள்பக்கத்தில் சுலபமாக ஒட்டிக்கொண்டது.

ஆட்டோ கிளம்பி, இரும்பு மார்க்கெட்டைத் தாண்டியது. பக்கத்தில் போகிற லாரியைப் பார்த்தபடியே அப்பா, “நாளைக்கு வஞ்சிரம் வாங்கலாமா? அவங்க வூட்ல எத்தினி பேரு?” என்றார்.

“தெரியலியே நைனா.” காலிக் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “கேட்டுப் பாக்கட்டுமா?”

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சாவியோவின் நம்பரைத் தேடி, அவளிடம் நீட்டினார்.